ஒக்டோபரில் யார் கோல் எடுக்கிறது?

(கிழக்கு லண்டனில் நடந்த எங்கள் மாதாந்தச் சந்திப்பில் பேசியது. நேரம் போதாமல் விட்ட சில விடயங்களையும், கேள்வி நேரத்தில் நீங்கள் சொன்ன சிலவற்றையும் சேர்த்து எழுதியிருக்கிறேன்.)



இன்றைக்கு நான் கதைக்க வந்த விடயத்துக்குத் தமிழில் ஒரு நல்ல சொல் கிடைக்கவில்லை. "மென்ரரிங்" என்பதை வழிகாட்டல் என்று சொல்லிவிடலாம். பிரச்சினை அதற்குப் பிறகு வருகிற பகுதிதான். ஒரு பிள்ளை பள்ளிக்கூடத்தை விட்டு வெளியேறின பிறகு, "என்ன மாதிரிப் போகுது, அந்த வேலை சரிவந்ததா, ஏன் கொலிஜை விட்டனி" என்று யாரோ ஒருவர் திரும்பத் திரும்பக் கேட்பது. இதற்குப் "பின்தொடர்தல்" என்று எழுதினால் எங்கட அம்மா அப்பாக்களுக்கு சீ.ஐ.டி.தான் ஞாபகம் வரும். "விசாரித்தல்" என்றாலும் நாலாம் மாடி நினைவு வரலாம். ஆனாலும் சுகம் விசாரிக்கிறது என்று சொல்கிறோமே, அந்த அர்த்தத்தில் இன்றைக்கு "தொடர்ந்து விசாரிக்கிறது" என்றே சொல்லப்போகிறேன். யாருக்காவது இதைவிட நல்ல சொல் தெரிந்தால் பிறகு சொல்லுங்கோ.

ஓகஸ்ட் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை ஏ லெவல் பெறுபேறு வரும், அடுத்த வியாழன் ஜி.சி.எஸ்.இ. அன்றைக்கு எங்கட வட்சப் குழுக்களில் என்ன நடக்கும் என்று உங்கள் எல்லாருக்கும் தெரியும். படங்கள் வரும். மருத்துவம், பல் மருத்துவம், எல்.எஸ்.இ. ரியூசன் சென்ரர் கண்ணாடியில் முகங்கள் ஒட்டுவார்கள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் மேடைக்குக் கூப்பிட்டுக் கேடயம் கொடுப்பார்கள். ஒரு வகுப்பில் இருபது பேர் படித்திருந்தால் படத்தில் ஐந்து பேர் நிற்பார்கள். அந்த ஐந்து பேர்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை, இந்த அறையில் இருக்கிற பலரும் அந்தப் படத்தில் நின்றவர்கள்தான். நான் கேட்பது மற்றப் பதினைந்து பேரைப் பற்றி. அவர்களுடைய பெற்றோரை நீங்கள் செப்டெம்பரில் கோயிலில் சந்தித்துக் கேட்டால், "பிள்ளை ஒரு கோர்ஸ் செய்யிது" என்று சொல்லிவிட்டு வேறு கதைக்குப் போய்விடுவார்கள். அதற்கு மேல் யாரும் கேட்பதும் இல்லை. மரியாதைக்காகக் கேட்பதில்லை என்று நாங்கள் நினைத்துக்கொள்கிறோம்.

இதை எங்கட சமூகத்தின் குறை என்று மட்டும் சொன்னால் பாதிக் கதைதான். மற்றப் பாதி இங்கிலாந்து அரசாங்கம் செய்த வேலை. அதைக் கொஞ்சம் விபரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்களில் பலர் அப்போது சின்னப்பிள்ளைகள். இருந்தது என்ன, எப்போது இல்லாமல் போனது என்று எங்களுக்குத் தெரியாது.

1973ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, பள்ளியை விட்டுப் போகிறவர்களுக்குத் தொழில் வழிகாட்டல் சேவை நடத்துவதை உள்ளூர்க் கல்வி அதிகார சபைகளின் கடமை ஆக்கியது. தொண்ணூறுகளில் அதைக் கொன்ராக்ட் கொடுத்துத் தனியார் கைக்கு மாற்றினார்கள். 1999இல், படிப்பிலும் இல்லாமல் வேலையிலும் இல்லாமல் பயிற்சியிலும் இல்லாமல் இருக்கிற 16 முதல் 18 வயதானவர்களைப் பற்றி பிளேயர் அரசாங்கம் ஒரு பெரிய அறிக்கை வெளியிட்டது. "நீற்" என்று இப்போது எல்லாரும் சொல்கிற சொல் அதற்குப் பிறகுதான் பரவலானது. அந்த அறிக்கையின் தொடர்ச்சியாக 2001 அளவில் வந்ததுதான் கொனெக்ஷன்ஸ். 13 வயது முதல் 19 வயது வரை உள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் தேவைப்பட்டால் ஒரு தனிப்பட்ட ஆலோசகர். அவர் பள்ளிக்கூடத்துக்குள் வருவார். ஹை ஸ்றீட்டில் அவர்களுக்கு ஒரு கடை மாதிரி இடமும் இருக்கும், கதவைத் திறந்துகொண்டு உள்ளே போகலாம். கற்றல் சிரமம் உள்ள பிள்ளை என்றால் 25 வயது வரை.

கொனெக்ஷன்ஸைப் பொற்காலம் என்று சொல்ல நான் வரவில்லை. எண்ணிக்கையைக் குறைக்கிறதுதான் அவர்களுடைய இலக்கு. ஒரு பிள்ளையை எந்தக் கோர்ஸிலாவது போட்டுவிட்டால் அந்த மாதக் கணக்குச் சரி. பிள்ளைகளைப் பற்றிய தகவல்களைப் பல திணைக்களங்கள் பகிர்ந்துகொண்டதையும் அந்த நேரமே கண்டித்தவர்கள் இருந்தார்கள். ஆனால் ஒன்று இருந்தது: நீ வராவிட்டால் உன்னைத் தேடி வருவதற்குச் சம்பளம் வாங்கிக்கொண்டு ஒரு ஆள் இருந்தார். அந்த ஆளிடம் உனக்குத் தண்டனை கொடுக்கிற அதிகாரம் இல்லை. இந்த இரண்டாவது விடயத்தை மறக்காதேங்கோ, திரும்ப வருவேன்.

அதோடு கூட வந்தது இ.எம்.ஏ. 2004 முதல் நாடு முழுவதும். வீட்டு வருமானம் குறைவு என்றால், 16 வயதுக்குப் பிறகும் தொடர்ந்து படிக்கிற பிள்ளைக்குக் கிழமைக்கு 10, 20 அல்லது 30 பவுண். பெற்றோரின் கணக்குக்குப் போகாமல் பிள்ளையின் கணக்குக்கே போகும். வகுப்புக்குப் போனால்தான் அந்தக் கிழமைக் காசு. 30 பவுண் என்பது பஸ், சாப்பாடு, ஒரு சோடிச் சப்பாத்து. சனிக்கிழமை ஷிஃப்ற் ஒன்றை எடுக்காமல் விடுவதற்கான துணிவு. 2010இல் கூட்டணி அரசாங்கம் வந்து இதை வெட்டியது. ஏறத்தாழ 560 மில்லியன் பவுண் போன இடத்தில் 180 மில்லியன் பவுண் "பேர்சரி" வந்தது. அதுவும் கல்லூரியிடம் கேட்டு, நிரூபித்து, வாங்கவேண்டியது. 2010 நவம்பர், டிசெம்பர் மாணவர் போராட்டங்களைப் பல்கலைக்கழகக் கட்டணம் 9,000 பவுண் ஆனதற்கு எதிரான போராட்டம் என்று மட்டும் நினைவு வைத்திருக்கிறோம். பாராளுமன்றச் சதுக்கத்தில் குளிரில் மறித்து வைக்கப்பட்டவர்களில் பெருந்தொகையானவர்கள் பதினாறு, பதினேழு வயதுக் கல்லூரிப் பிள்ளைகள். அவர்கள் வந்தது இ.எம்.ஏ.க்காக. ஸ்கொட்லாந்திலும் வேல்ஸிலும் வட அயர்லாந்திலும் அது இன்றைக்கும் இருக்கு. வேல்ஸில் 2023இல் 40 பவுணாகக் கூட்டினார்கள். ஆகவே "காசில்லை, செய்ய ஏலாது" என்று யாராவது சொன்னால் காடிஃபைக் காட்டுங்கோ.

பிறகு 2012 செப்டெம்பர். வழிகாட்டல் கடமையைப் பள்ளிக்கூடங்களின் தலையில் போட்டார்கள். கொனெக்ஷன்ஸுக்குப் போய்க்கொண்டிருந்த காசைப் பள்ளிக்கூடங்களுக்குக் கொடுக்கவில்லை. தரம் இறங்குகிறது, இடத்துக்கு இடம் வித்தியாசமாக இருக்கிறது என்று பாராளுமன்றக் கல்விக் குழுவே 2013இல் சொன்னது. இதற்குள் இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது. 2008ஆம் ஆண்டுச் சட்டப்படி, படிப்பிலோ பயிற்சியிலோ இருக்கவேண்டிய வயது 2013இல் 17 ஆகவும் 2015இல் 18 ஆகவும் கூடியது. அதாவது "18 வரை நீ எங்காவது இருக்கத்தான் வேணும்" என்று சொல்லிவிட்டு, எங்கே இருக்கலாம் என்று சொல்லித்தருகிற ஆளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

இப்போது இருப்பது என்ன? காட்ஸ்பி அளவுகோல்கள் என்று எட்டு இருக்கு, 2014இல் வந்தவை, பள்ளிக்கூடங்கள் அவற்றைப் பின்பற்ற வேண்டும். மோசமானவை அல்ல. 16 வயதுக்குள் ஒரு தனிப்பட்ட நேர்காணல், 18க்குள் இன்னொன்று. அதிலேயே இன்னொரு வரி: பிள்ளை பள்ளியை விட்டுப் போய்க் குறைந்தது மூன்று வருடத்துக்கு எங்கே இருக்கிறது என்ற தரவைப் பள்ளிக்கூடம் சேகரித்து வைத்திருக்க வேண்டும். இந்த வரியை நான் முதல் தரம் வாசித்தபோது "அட, இதுதானே நாங்கள் கேட்பது" என்று நினைத்தேன். பிறகு விளங்கியது, அது தரவு. அந்தத் தரவை வைத்துப் பள்ளிக்கூடம் தன்னுடைய வழிகாட்டல் எப்படி என்று மதிப்பிடலாம். "நான் கொலிஜை விட்டிட்டன்" என்று ஒரு பிள்ளை அந்தப் படிவத்தில் எழுதினால், அடுத்த நாள் யார் வருவார் என்பது அங்கே எழுதப்படவில்லை.

கவுன்சில்களும் 16, 17 வயதுப் பிள்ளைகளைக் கணக்கெடுக்க வேண்டும். அந்த அட்டவணையில் ஒரு நிரல் இருக்கு: "செயற்பாடு தெரியாது." நீற் என்ற எண்ணிக்கையோடு அதையும் சேர்த்தே வெளியிடுகிறார்கள். எனக்கு அந்த நிரலில்தான் அக்கறை. ஒரு பிள்ளை எங்கே என்று ஒரு அரசாங்கத்துக்குத் தெரியாது, அந்தத் தெரியாமைக்கு ஒரு இலக்கம் மட்டும் உண்டு. 18 முடிந்த பிறகு அந்த நிரலும் இல்லை. அதற்குப் பிறகு யாராவது அந்தப் பிள்ளையைத் தொடர்ந்து விசாரிக்கிறார்களா என்றால், ஓம், ஜொப்சென்ரர் விசாரிக்கும். பத்து நிமிட அப்பொயின்மென்ற், வேலைப் பயிற்றுநர் என்ற பட்டம். வராவிட்டால் யூனிவேர்சல் கிரெடிற் வெட்டு. முதலில் சொன்னேனே, தண்டிக்கிற அதிகாரம் இல்லாத ஆள் என்று? வித்தியாசம் இதுதான். உன் சாப்பாட்டுக் காசைக் கையில் வைத்துக்கொண்டு "உனக்கு என்ன கஷ்டம்" என்று கேட்கிற ஆளிடம் யாரும் உண்மை சொல்வதில்லை.

எப்படிச் செய்வது என்று அரசுக்குத் தெரியாமல் இல்லை. அரச பராமரிப்பில் வளர்ந்த பிள்ளைகளுக்கு 25 வயது வரை ஒரு தனிப்பட்ட ஆலோசகரைக் கேட்கிற உரிமையை 2017ஆம் ஆண்டுச் சட்டம் கொடுத்தது. பெற்றோர் இல்லாமல் தனியாக வந்து அகதி விண்ணப்பம் செய்த பிள்ளைகள் பலர் அதற்குள் வருவார்கள். நடைமுறையில் ஒரு ஆலோசகரின் தலையில் எத்தனை பேர் என்பது வேறு கதை. ஆனால் அந்தச் சட்டம் ஒப்புக்கொள்கிற உண்மை ஒன்று இருக்கு: 18 வயதில் யாரும் முடிந்து போவதில்லை, ஒரு சாதாரணக் குடும்பம் 25 வரைக்கும் பிள்ளையைத் தாங்கத்தான் செய்கிறது. அப்படியென்றால் அந்தத் தாங்கலைக் கொடுக்க முடியாத குடும்பங்களுக்கு?

இங்கேதான் கம்பனிகள் வருகின்றன. கனறி வார்ஃபிலும் சிற்றியிலும் இருக்கிற வங்கிகள், சட்ட நிறுவனங்கள், கணக்காளர் நிறுவனங்கள் எல்லாம் இளைஞர் வழிகாட்டல் திட்டம் நடத்துகின்றன. பதினேழு வயதில் நானும் அப்படி ஒன்றில் இருந்தேன், பெயர் வேண்டாம். எனக்குக் கிடைத்த ஆள் உண்மையிலேயே நல்ல மனிசன். சீ.வீ. எழுதச் சொல்லித்தந்தார், லிங்க்டின் திறந்து தந்தார், இருபதாம் மாடியிலிருந்து நாங்கள் வசித்த தெருவைக் காட்டினார். ஆறு சந்திப்பு. பிறகு திட்டம் முடிந்தது. செப்டெம்பரில் அவருக்கு ஒரு மின்னஞ்சல் போட்டேன், அந்த முகவரி இல்லை என்று திரும்பி வந்தது. கம்பனி மாறியிருப்பார். இதில் அவருடைய குற்றம் ஒன்றும் இல்லை, அந்தத் திட்டத்தின் அமைப்பு அப்படி. தெரிவு செய்யும்போதே ஓரளவு நல்ல பெறுபேறு வரக்கூடிய பிள்ளைகளைத்தான் எடுப்பார்கள், ஏனென்றால் வருட முடிவில் ஒரு அறிக்கை போட வேண்டும். யாருக்கு மிகவும் தேவையோ அந்தப் பிள்ளை அந்த விண்ணப்பப் படிவத்தையே நிரப்பியிருக்காது.

இதைக் கேட்டதும் எங்கட தோழர்கள் சிலர், "அப்ப மென்ரரிங் எண்டதே நியோலிபரல் வேலை, நாங்கள் ஏன் அதைச் செய்வான்?" என்று கேட்பார்கள். போனமுறையும் கேட்டார்கள். எனக்கு அந்த வாதம் பிடிக்கவில்லை. நடுத்தர வர்க்கத்துப் பிள்ளைகளுக்கு இது எப்போதும் இலவசமாகக் கிடைக்கிற ஒன்று, அவர்கள் அதற்குப் பெயர் வைப்பதில்லை, அவ்வளவுதான். எங்கட ஆட்களுக்குள்ளேயே பாருங்கோ. கணக்காளர் மாமா இருக்கிற வீட்டில், பிள்ளைக்கு ஏ லெவல் பிழைத்தாலும் மாமா ஒரு கோல் எடுத்து ஒரு அலுவலகத்தில் உட்கார வைப்பார். இரவு ஷிஃப்ற் பெற்றோல் ஸ்ரேஷனில் நிற்கிற அப்பாவுக்குத் தெரிந்தவர்கள் எல்லாரும் மற்றப் பெற்றோல் ஸ்ரேஷனில் நிற்கிறார்கள். அவரும் பிள்ளைக்காக ஒரு கோல் எடுப்பார்தான், பிள்ளைக்கு வேலையும் கிடைக்கும்தான், எந்த வேலை என்பதுதான் கேள்வி. போல் வில்லிஸ் 1977இல் எழுதிய புத்தகம் ஒன்று, தொழிலாளர் வீட்டுப் பெடியன்கள் எப்படித் தொழிலாளர் வேலைக்கே போய்ச் சேருகிறார்கள் என்பதைப் பற்றியது. அவர் பார்த்த பெடியன்கள் பள்ளிக்கூடத்தை எதிர்த்துச் சிரித்துக்கொண்டே தொழிற்சாலைக்குப் போனவர்கள். எங்கட பெடியன்கள் அப்படி இல்லை. ரியூசனுக்கும் போய், ஏச்சும் வாங்கி, தாங்கள்தான் மொக்கு என்று நம்பிக்கொண்டு போகிறார்கள். எனக்கு இது அதைவிட மோசமாகப் படுகிறது.

அந்த நம்பிக்கை எங்கே உறுதியாகிறது என்றால் 16 வயதில். கணிதத்திலும் ஆங்கிலத்திலும் 4ஆம் தரம் எடுக்காவிட்டால், கல்லூரியில் நீ எந்தக் கோர்ஸ் செய்தாலும் அவற்றைத் தொடர்ந்து படிக்கவேண்டும் என்பது 2014 முதல் இருக்கிற நிபந்தனை. பெரும்பாலும் அது திரும்பச் சோதனை எடுப்பதில் முடியும். பிளம்பிங் படிக்க வந்த பிள்ளை நவம்பரில் ஒருதரம் தோற்கும், அடுத்த கோடையில் இன்னொருதரம் தோற்கும். பதினாலு வயதில் யாழ்ப்பாணத்திலிருந்தோ, பிரான்ஸிலிருந்தோ, ஜேர்மனியிலிருந்தோ வந்து இரண்டு வருடத்தில் ஜி.சி.எஸ்.இ. எழுதின பிள்ளைகளை நினைத்துப் பாருங்கோ. அவர்களுக்குக் கணிதம் வரும், கேள்வியின் ஆங்கிலம் வராது. அகதி விண்ணப்பம் முடிவாகாமல் இருக்கிற பிள்ளை என்றால் கல்லூரிக்குப் போகலாம், ஆனால் வேலை செய்ய அனுமதி இல்லை, ஆகவே அப்ரன்டிஸ்ஷிப்பும் இல்லை. பள்ளிக்கூடத்தில் நடக்கிற தொழில் வழிகாட்டல் கூட்டத்தில் அப்ரன்டிஸ்ஷிப்பைப் புகழ்ந்து பேசுவார்கள். இந்தப் பிள்ளை பின் வரிசையில் இருந்து கேட்டுக்கொண்டிருக்கும்.

அப்ரன்டிஸ்ஷிப் கிடைத்தாலும் வீட்டுக் கணக்கைப் பார்க்க வேண்டும். 2025 ஏப்ரலில் அப்ரன்டிஸுக்குக் குறைந்தபட்சம் மணிக்கு 7.55 பவுணாக இருந்தது. 21 வயதானவருக்கு அப்போது 12.21. பிள்ளை அப்ரன்டிஸ் ஆன உடனே அம்மாவுக்கு வருகிற சைல்ட் பெனிஃபிற் நிற்கும், யூனிவேர்சல் கிரெடிற்றில் பிள்ளைக்கான பகுதியும் போகும். அதே பிள்ளை ஏதாவது ஒரு கோர்ஸில் பெயரளவில் இருந்தால் அந்தக் காசு தொடரும். "கொலிஜிலயே இரு" என்று அம்மா சொல்வதைப் பலர் தமிழ் ஆட்களின் படிப்பு வெறி என்று சிரிக்கிறார்கள். சில வீடுகளில் அது வாடகைக் கணக்கு.

இனி நான் சொல்லப்போவது இந்த அறையில் கொஞ்சம் கஷ்டமான விடயம். பள்ளியை விட்ட பெடியன்களும் பெட்டையளும் முதலில் போய்ச் சேருகிற வேலை, அனேகமாக எங்கட ஆட்களின் வேலை. கடை, காஷ் அன்ட் கரி, ரெஸ்ரோரன்ற், மண்டபச் சமையல், டெலிவரி. நல்ல முதலாளிகள் இருக்கிறார்கள். ஆனால் "ரெண்டு கிழமை பழகு, பிறகு பாப்பம்" என்று காசில்லாமல் நிற்பாட்டுவதும், கையில் காசு கொடுத்துச் சம்பளச் சீட்டுக் கொடுக்காமல் விடுவதும் உங்கள் எல்லாருக்கும் தெரிந்ததுதான். சட்டம் என்ன சொல்கிறது? 18 வயதுக்குக் குறைந்தவர் ஒரு நாளைக்கு 8 மணித்தியாலத்துக்கு மேல், கிழமைக்கு 40 மணித்தியாலத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது. நாலரை மணித்தியாலத்துக்கு மேல் என்றால் அரை மணித்தியால ஓய்வு. இரண்டு நாள் வேலைக்கு நடுவில் 12 மணித்தியால இடைவெளி. சம்பளச் சீட்டு எல்லாருக்கும் உரிமை. இதெல்லாம் அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. தெரிந்தாலும் கேட்க ஏலாது, ஏனென்றால் முதலாளி அப்பாவின் ஊர்ச்சங்கத்துத் தலைவர், கோயில் திருவிழாவில் ஒரு நாள் உபயகாரர், வேலை எடுத்துத் தந்ததே மாமி. பிள்ளை வாய் திறந்தால் மூன்று குடும்பத்துக்கு வெட்கம். இப்படியான இடத்தில் குடும்பத்துக்கு வெளியே, அதே நேரம் தமிழில் கதைக்கக்கூடிய, முதலாளிக்குக் கடமைப்படாத ஒரு ஆள் தேவை. பள்ளிக்கூடத்தால் அது முடியாது. ஊர்ச்சங்கத்தால் கட்டாயம் முடியாது.

கிறன்விக் வேலைநிறுத்தத்தைப் பற்றி இங்கே பல தடவை கதைத்திருக்கிறோம். 1976 ஓகஸ்ட், வில்ஸ்டன். ஜெயாபென் தேசாய் என்ற பெயரும், பிறகு வந்த ஆயிரக்கணக்கான மறியல்காரர்களும்தான் எங்களுக்கு ஞாபகம். நான் அதில் ஒரு சின்ன இடத்தைக் காட்ட விரும்புகிறேன். வெளிநடப்புச் செய்தவர்களில் கோடை விடுமுறைக்கு வேலைக்கு வந்த மாணவர்களும் இருந்தார்கள், ஜெயாபெனின் மகனும் அதில் ஒருவர். வெளியே வந்தவர்களிடம் தொழிற்சங்கம் இல்லை, யாரைக் கேட்பது என்றும் தெரியாது. அவர்கள் சிற்றிசன்ஸ் அட்வைஸ் பியூரோவைக் கேட்டார்கள். அங்கேயிருந்துதான் பிரென்ற் தொழிற்சங்கப் பேரவைக்கும் ரி.யூ.சி.க்கும் போகிற வழி கிடைத்தது. பிறகு நடந்த இரண்டு வருடமும் வரலாறு. அந்த முதல் கிழமையில் தேவைப்பட்டது ஒரு தொலைபேசி இலக்கம். அந்த இலக்கத்தை வேலையை விட்ட அன்றைக்கே ஒரு பதினெட்டு வயதுப் பிள்ளையின் கையில் கொடுக்கிறதைத்தான் நான் வழிகாட்டல் என்று சொல்கிறேன். லிங்க்டின் இரண்டாம் பட்சம்.

சனிக்கிழமைப் பள்ளிக்கூடங்களைப் பற்றியும் சொல்லவேண்டும். 1969இல் ஜோன் லா ரோஸ் வடக்கு லண்டனில் ஜோர்ஜ் பட்மோர் பெயரில் ஒரு துணைப் பள்ளியைத் தொடங்கினார். 1971இல் பேர்னாட் கோட் எழுதிய சிறு புத்தகத்தை அவருடைய நியூ பீக்கன் பதிப்பகம் வெளியிட்டது. கரீபியன் பிள்ளைகளை "கல்வியில் சாதாரணத்துக்குக் கீழ்" என்று முத்திரை குத்தித் தனிப் பள்ளிகளுக்குத் தள்ளியதைப் பற்றிய புத்தகம் அது. அதை ஒட்டி இந்த நாட்டில் கறுப்பினப் பெற்றோரின் சனிக்கிழமைப் பள்ளிகள் பெருகின. அந்தப் பள்ளிகள் கேட்ட கேள்வி, "இந்த அமைப்பு எங்கள் பிள்ளைகளில் யாரை வெளியே தள்ளுகிறது?" எங்கட சனிக்கிழமைப் பள்ளிகள் மொழியையும் நடனத்தையும் மிருதங்கத்தையும் காப்பாற்றியிருக்கின்றன. இல்லையென்றால் நான் இன்றைக்கு இதைத் தமிழில் வாசித்திருக்க மாட்டேன். ஆனால் அந்தக் கேள்வியை அவை கேட்கவில்லை, பக்கத்தில் பதினொன்று பிளஸ் ரியூசனையும் சேர்த்துக்கொண்டன. கட்டடம் இருக்கு, பெற்றோரின் நம்பிக்கை இருக்கு, பதினைந்து வருடத்துப் பெயர்ப்பட்டியல் அலுமாரியில் இருக்கு. அந்த அலுமாரியைத் திறக்கச் சொல்லித்தான் நாங்கள் போய்க் கேட்க வேண்டும்.

ஆகவே நான் முன்வைப்பது இது. இரண்டு தமிழ்ப் பள்ளிகளோடு கதைத்து, இந்த வருடம் 11ஆம், 13ஆம் ஆண்டு முடிக்கிறவர்களில் சம்மதிக்கிற எல்லாருடைய பெயரையும் எடுப்பது. பெறுபேறு வருவதற்கு முன்பே, ஜூலையில். இது முக்கியம். ஓகஸ்ட்டுக்குப் பிறகு போனால் படத்தில் நின்றவர்கள்தான் பெயர் தருவார்கள். பிறகு மூன்று கோல். முதலாவது ஒக்டோபர் நடுவில், ஏனென்றால் பிழையான கோர்ஸில் இருக்கிற பிள்ளைக்கு அது பிழை என்று விளங்க ஆறு கிழமை எடுக்கும், அப்போது மாற்றினால் இன்னும் இடம் கிடைக்கலாம். இரண்டாவது ஜனவரி, கிறிஸ்மஸ் ஷிஃப்ற்றுக்கு எடுத்தவர்களை நிற்பாட்டுகிற நேரம். மூன்றாவது ஈஸ்ரருக்குப் பிறகு. வட்சப் மெசேஜ் போதாது. "ஓகே அண்ணா" என்று ஒரு கட்டைவிரல் வரும், அதோடு சரி. குரலைக் கேட்க வேண்டும். ஒரு பிள்ளைக்கு ஒரே ஆள், மூன்று தடவையும் அதே ஆள். யார் என்ன வேலையில் இருக்கிறார்கள் என்று பெற்றோருக்குச் சொல்வதில்லை.

கவனமாக இருக்கவேண்டிய இடங்களும் இருக்கு. 18க்குக் குறைந்தவர்களோடு வேலை செய்வதென்றால் டி.பி.எஸ். சோதனையும், தனியாகச் சந்திப்பதைப் பற்றிய ஒழுங்கும் முதலே வேண்டும், "நாங்கள் தோழர்கள்தானே" என்று விட ஏலாது. விசா விடயத்தில் யாரும் ஆலோசனை சொல்லாதேங்கோ. பதிவு இல்லாமல் குடிவரவு ஆலோசனை கொடுப்பது 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், அதைவிடப் பெரிய விடயம், பிழையான ஒரு சொல்லால் பிள்ளையின் வழக்கே கெட்டுப்போகும். பதிவுள்ள சட்ட நிலையத்துக்கு அனுப்புவதுதான் எங்கட வேலை. சம்பளப் பிரச்சினைக்கு ஏகாஸ் இருக்கு, தொழிற்சங்கங்கள் இருக்கு. வேலை எடுத்துத் தருகிறோம் என்றும் வாக்குக் கொடுக்காதேங்கோ.

"இது அரசாங்கத்தின் வேலையை நாங்கள் இலவசமாகச் செய்வதாகாதா?" என்று கேள்வி நேரத்தில் ஒரு தோழி கேட்டா. ஓரளவுக்கு ஆகும். அதனால்தான் இரண்டையும் ஒன்றாகச் செய்ய வேணும் என்கிறேன். இ.எம்.ஏ. திரும்ப வேணும், உள்ளூராட்சி நடத்துகிற தொழில் வழிகாட்டல் சேவை வேணும், வயதைப் பார்த்துச் சம்பளம் குறைக்கிறதை நிற்பாட்ட வேணும். இவற்றை வாயால் கேட்டுக்கொண்டிருக்கிறோம், ஆனால் கவுன்சிலருக்கு முன்னால் போய் நின்று "உங்கட வட்டாரத்தில இத்தனை பிள்ளையள் ஒக்டோபரில கொலிஜை விட்டவை, காரணம் இது" என்று சொல்ல எங்களிடம் ஒன்றும் இல்லை. அறுபது பிள்ளைகளோடு ஒரு வருடம் கதைத்தால் அது இருக்கும். அந்தப் பிள்ளைகளில் நாலு பேர் எங்களோடு வந்து தாங்களே கதைத்தால் இன்னும் நல்லது.

கணக்கு இதுதான்: அறுபது பெயர், ஆளுக்கு ஐந்து என்றால் பன்னிரண்டு பேர் வேண்டும். இன்றைக்கு ஏழு பேர் கை உயர்த்தினீர்கள். இந்த மடலுக்குப் பதில் போட்டால் உங்கள் பெயரையும் சேர்க்கிறேன், எந்த வட்டாரம், எந்த நாள் மாலை சரிவரும் என்றும் எழுதுங்கோ. வெம்பிளி, ஹரோப் பக்கம் இன்னும் ஒருவரும் இல்லை. ஜனவரி முதல் இரண்டு கிழமையும் நான் ஆய்வுக் கட்டுரை கொடுக்கிற நேரம், அந்த நாட்களில் என்னுடைய ஐந்து பேரையும் பார்க்க ஒரு ஆள் முன்கூட்டியே தேவை.